தில்லிக்கு வரவழைக்கப்பட்டவர்களும் தில்லியிலிருந்து நகர்த்தப்பட்டவர்களும்

தில்லியில் தண்ணீர் லாரி வராமல் போனாலும், ரிங் ரோட்டில் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றாலும், அரசு மருத்துவமனையில் ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள் படுத்திருந்தாலும், எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஜனங்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டார்கள். கொஞ்சம் பேச்சை வளர்த்தால், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து குவிகிறார்கள் என்பார்கள். இன்னும் வளர்த்தால், ஏழைகள் நிறையப் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள் என்பார்கள். இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணாகிய நான் இந்தப் பேச்சைச் சிறுவயது முதல் கேட்டுவருகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளை வரிசையாகப் படிக்கத் தொடங்கிய பிறகு, இந்தப் பேச்சு எவ்வளவு தவறானது என்பது மட்டுமல்லாமல், எவ்வளவு தீங்கானது என்பதும் எனக்குத் தெளிவாயிற்று. தில்லியின் மக்கள்தொகை ஒருபோதும் தானாகப் பெருகியதில்லை. ஒவ்வொரு பெரிய பெருக்கத்துக்குப் பின்னாலும் ஓர் அரசு எடுத்த முடிவு இருக்கிறது. வரவழைக்கப்பட்டவர்களை நகரத்தின் எந்த மூலையில் வைப்பது என்பதையும் பெரும்பாலும் அரசே முடிவுசெய்திருக்கிறது.

1901ஆம் ஆண்டு தில்லியில் 4.05 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தபோது அந்த எண் 4.13 லட்சமாக மட்டுமே உயர்ந்திருந்தது. பத்தாண்டுகளில் வெறும் எட்டாயிரம் பேர்தான் கூடுதல். அறிவிப்புக்குப் பிறகு நிலைமை மாறியது. ராய்சினா, மால்ச்சா போன்ற கிராமங்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. கல் உடைப்பவர்களும் மண் சுமப்பவர்களும் ராஜஸ்தானிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1931 பிப்ரவரியில் புது தில்லி முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. 1941இல் மக்கள்தொகை 9.17 லட்சம். வைஸ்ராய்க்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் செயலக எழுத்தர்களுக்கும், பதவிக்கேற்ற வரிசையில், எந்தத் தெருவில் எத்தனை அறைகள் என்பதுவரை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அந்த மாளிகைகளைக் கட்டியவர்கள் கட்டி முடித்த பிறகு எங்கே குடியிருப்பார்கள் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. இந்த ஒரு விடுபாடு அடுத்த நூறு ஆண்டுகளும் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது.

அந்த எழுத்தர்களோடுதான் தமிழர்களும் வந்தார்கள். கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் அரசாங்கத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு அலைந்த மதராஸ் மாகாணத்துக் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக 1920களில் தொடங்கிய முயற்சியே இன்றைக்குத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகப் பல பள்ளிகளோடு நிற்கிறது. கரோல் பாக் அன்றைய தமிழர்களின் இடம்.

பிறகு 1947 வந்தது. 1941இல் 9.17 லட்சமாக இருந்த தில்லி 1951இல் 17.44 லட்சமாயிற்று. பத்தாண்டில் 90% வளர்ச்சி. அதற்கு முன்பும் பின்பும் தில்லி அப்படி வளர்ந்ததில்லை. ஆனால் இந்த நிகர எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு நடந்தது முழுவதும் தெரியாது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் சிந்துவிலிருந்தும் ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் உள்ளே வந்தார்கள். அதே மாதங்களில் சுமார் 3.3 லட்சம் முஸ்லிம்கள் இந்த நகரத்தைவிட்டு வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். 1941இல் தில்லியில் மூன்றில் ஒருவர் முஸ்லிம். 1951இல் அது 5.7%. 1947 செப்டம்பரில் கரோல் பாக், பஹாட்கஞ்ச், சப்ஜி மண்டி போன்ற பகுதிகளிலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடியவர்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் முகாமிட்டு, பாகிஸ்தான் ரயிலுக்காகக் காத்துக்கிடந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் பல, வந்தவர்களின் கைக்குப் போயின. எங்கள் சமூகத்தவர் பலர் பின்னாளில் வாடகைக்குக் குடியிருந்த கரோல் பாக் சந்துகளும் அவற்றில் உண்டு. பழைய தமிழ்க் குடும்பங்கள் கரோல் பாக் நாட்களைப் பற்றி எத்தனையோ கதைகள் சொல்வார்கள். அந்த வீடுகளில் அதற்கு முன் யார் இருந்தார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வந்த அகதிகளுக்கு அரசு செய்ததை மனம் திறந்து பாராட்ட வேண்டும். கிங்ஸ்வே முகாமில் கூடாரங்களில் தங்கியவர்களுக்காக லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர், மாளவியா நகர், திலக் நகர் என்று வரிசையாகக் காலனிகள் எழுந்தன. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு 1960களில் இடம் ஒதுக்கப்பட்டு, அது இன்று சித்தரஞ்சன் பார்க் என்ற வளமான வங்காளிப் பகுதியாக இருக்கிறது. பட்டா, கடன், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று எல்லாம் கிடைத்ததால், ஒரே தலைமுறையில் அந்தக் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. நிலம் கொடுத்து, உரிமை கொடுத்து, நகரத்துக்குள்ளேயே வைத்திருந்தால் வந்தேறியவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்குத் தில்லியே சாட்சி. அடுத்து வந்தவர்களுக்கு அந்த நடைமுறை ஏன் கைவிடப்பட்டது என்பதே நான் கேட்கும் கேள்வி.

1951 முதல் 1991 வரை நான்கு பத்தாண்டுகளிலும் தில்லி 50 சதவீதத்துக்குமேல் வளர்ந்தது. 1961இல் 26.6 லட்சம், 1971இல் 40.7 லட்சம், 1981இல் 62.2 லட்சம், 1991இல் 94.2 லட்சம். மத்திய அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்களின் தலைமையகங்கள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், அவற்றைச் சுற்றிய வணிகம் என்று ஐந்தாண்டுத் திட்டங்களின் பணம் இங்கே வந்து இறங்கியது. பணம் இறங்கிய இடத்துக்குக் கைகளும் வந்தன. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1962இல் நகர வளர்ச்சிக்கான முதல் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) நடைமுறைக்கு வந்தது. நகரத்தைச் சுற்றியுள்ள விவசாய நிலங்களை அரசே பெருமளவில் கையகப்படுத்தி, அரசே மேம்படுத்தி, அரசே விற்கும் என்பது அதன் அடிப்படை. கொள்கையளவில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூலிக்காரர் வாங்கக்கூடிய வீடுகளை அந்த ஆணையம் தேவைக்கேற்பக் கட்டவே இல்லை. வேறு யாரிடமும் முறையான நிலம் இல்லை. ஆகவே ரிக்‌ஷா ஓட்டியவரும் செங்கல் சுமந்தவரும் வீட்டு வேலை செய்தவரும், கால்வாய்க் கரையிலும் ரயில் தண்டவாளத்தின் ஓரத்திலும் ஜுக்கி என்னும் குடிசை போட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் சேமிப்பு இருந்தவர்கள் விவசாயியிடம் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய மனையில் வீடு கட்டினார்கள். முதல் வகைக்கு ஆக்கிரமிப்பு என்றும் இரண்டாம் வகைக்கு அனுமதியற்ற காலனி என்றும் பெயர் சூட்டப்பட்டது. 2019இல் மத்திய அரசு உரிமை வழங்க முன்வந்த அனுமதியற்ற காலனிகள் மட்டும் 1,731. ஒரு நகரத்தில் இத்தனை குடியிருப்புகள் சட்டத்துக்கு வெளியே இருந்தால், குறையைச் சட்டத்திடம்தான் முதலில் தேட வேண்டும்.

ஜுக்கிகளை அகற்றி மாற்று இடம் கொடுக்கும் திட்டம் 1960களிலேயே தொடங்கிவிட்டது. முதலில் ஒரு குடும்பத்துக்கு 80 சதுர கஜம். அது பின்னர் 25 சதுர கஜமாகச் சுருங்கியது. 1990களுக்குப் பிறகு 18 சதுர மீட்டர், சிலருக்கு 12.5 சதுர மீட்டர். மனை சுருங்கச் சுருங்க, நகரத்தின் நடுவிலிருந்து அது இருக்கும் தொலைவு மட்டும் கூடிக்கொண்டே போனது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975க்கும் 1977க்கும் இடையே, ஏறத்தாழ 7 லட்சம் பேர் இப்படி நகர்த்தப்பட்டார்கள். துருக்மான் வாசல் பகுதியில் 1976 ஏப்ரலில் வீடுகள் இடிக்கப்பட்டதும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் பலருக்குத் தெரியும். மங்கோல்புரி, சுல்தான்புரி, ஜஹாங்கீர்புரி, திரிலோக்புரி, நந்த நகரி, தக்ஷிண்புரி என்று இன்று பேருந்துப் பலகைகளில் சாதாரணமாகப் படிக்கும் பெயர்கள் பலவும் அந்தக் காலத்தின் விளைவு என்பது அந்த அளவுக்குத் தெரியாது. சில இடங்களில் மனை வேண்டுமானால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கான சான்றைக் காட்ட வேண்டியிருந்தது. மக்கள்தொகை பற்றிய அச்சம் ஆட்சியாளர் கையில் எவ்வளவு கொடிய ஆயுதமாக மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எங்கள் குடும்பத்தின் நகர்வு வேறு மாதிரியானது. என் அப்பா 1960களில் மத்திய அரசு எழுத்தராகத் தேர்வாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திர் முருகன் கோவிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், எங்களுக்கு அரசு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அப்பா ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்துவிட்டு, யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் அடுக்ககத்துக்குப் போனோம். என் தம்பி திருமணத்துக்குப் பிறகு நொய்டாவில் வீடு வாங்கினான்; அவன் இப்போது உத்தரப் பிரதேச வாக்காளர். நகரத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து எல்லைக்கு வெளியேயும் என்ற இந்த ஓட்டம், தில்லியின் நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவற்றின் ஓட்டம்தான். எங்களுக்கு நகர்வதற்கு முன் அவகாசமும் கடனும் விருப்பத்தேர்வும் இருந்தன. இடிப்பு வண்டி வந்து எங்களை யாரும் நகர்த்தவில்லை.

மயூர் விஹாரை ஒட்டியே திரிலோக்புரி இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் வேலை செய்ய அங்கிருந்து வருகிற பெண்களில் தமிழ் பேசுபவர்கள் உண்டு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து, நிலமில்லாத குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், கட்டட வேலைக்கென்று வந்தவர்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மேம்பாலங்களும் அரங்கங்களும் அவசர அவசரமாக எழுந்தபோது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரர்கள் வழியே கொண்டுவரப்பட்டார்கள். அந்த வேலையிடங்களில் சட்டப்படியான கூலி கிடைக்காதது உச்ச நீதிமன்றம்வரை போய், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல் தீர்ப்பானது. போட்டிகள் முடிந்தன, வந்தவர்கள் திரும்பவில்லை. ஊரில் திரும்பிப் போக என்ன இருந்தது?

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு அம்மாவின் வீட்டுக்கு, அவருடைய பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்காகப் போயிருந்தேன். 25 கஜத்துக்கும் குறைவான மனை. அதன்மேல் நான்கு மாடி. தெருவிலிருந்தே செங்குத்தாக ஏறும் இரும்பு ஏணிப்படி. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம். கீழே மூத்த மகன் குடும்பம், அதற்குமேல் இவரும் இளைய மகன் குடும்பமும், அதற்கும்மேல் பிகாரிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கியிருந்த நான்கு இளைஞர்கள், உச்சியில் தண்ணீர் டிரம்கள். அந்த இளைஞர்கள் கொடுக்கும் வாடகையில்தான் பேத்தியின் பள்ளிச் செலவு நடக்கிறது என்று அவர் சொன்னார். "ரேஷன் கார்டுல என் பேரும் அவரு பேரும் பெரியவன் பேரும்தான்மா இருக்கு. மருமகளுங்க, புள்ளைங்க யாரு பேரும் ஏறல. கேட்டா கோட்டா முடிஞ்சிபோச்சின்றாங்க" என்றார். ஒருமுறை நகர்த்தப்பட்டவர்களுக்கென்று அளந்து கொடுக்கப்பட்ட நிலத்துண்டு, அடுத்தடுத்து வந்தவர்களையும் தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறது. அரசு கட்டத் தவறிய வாடகை வீடுகளை இந்தக் குடும்பங்கள்தாம் கட்டியிருக்கின்றன. மக்கள் நெரிசல் என்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் தெருக்களைப் பற்றி இதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

அதே திரிலோக்புரியில்தான் 1984 நவம்பரில் சீக்கியர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். தில்லியில் அந்த நாட்களில் இறந்தவர்கள் 2,733 பேர் என்பது அரசின் கணக்கு. கணவர்களை இழந்த பெண்கள் பலர் மேற்கு தில்லியின் திலக் விஹாருக்குக் குடியேற்றப்பட்டார்கள். பிரிவினையின்போது அடைக்கலம் தந்த நகரம், அந்தச் சமூகத்தில் ஒரு பகுதியை மறுபடியும் அகதிகளாக்கியது.

1991க்கும் 2001க்கும் இடையில் வளர்ச்சி 47%. அதற்கடுத்த பத்தாண்டில் 21%. சதவீதம் மட்டும் குறையவில்லை. முதல் பத்தாண்டில் 44 லட்சம் பேர் கூடினார்கள். அடுத்ததில் 29 லட்சம் பேர்தான் கூடினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தில்லி 1.68 கோடி. தில்லி வெடிக்கப்போகிறது என்று நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில், வளர்ச்சி உண்மையில் பாதிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நகரத்தின் நடுப்பகுதியோ காலியாகிக்கொண்டிருந்தது. 2001இல் 1.79 லட்சமாக இருந்த புது தில்லி மாவட்டம் 2011இல் 1.42 லட்சமாகக் குறைந்தது. மத்திய மாவட்டம் ஏறத்தாழ 10% இழந்தது. யமுனையின் புஷ்தா எனப்படும் கரைமேட்டில் இருந்த ஜுக்கிகள் 2004இல் இடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பவானா, ஹோலம்பி கலான் என்று வடக்கு எல்லைக்கு அனுப்பப்பட்டன. 2010 காமன்வெல்த் போட்டிகளை முன்னிட்டு இன்னும் பலர் அகற்றப்பட்டார்கள். ஆக்கிரமித்தவருக்கு மாற்று நிலம் கொடுப்பது பிக்பாக்கெட் அடித்தவனுக்குப் பரிசு கொடுப்பதைப் போன்றது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பில் சொல்லியிருந்தது. முன்கூட்டிக் கணக்கெடுத்து மறுவாழ்வு கொடுக்காமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளிக்கும்வரை, அந்த முந்தைய வாக்கியத்தின் நிழலிலேயே பல இடிப்புகள் நடந்தன.

நெரிசலைப் பற்றிய பேச்சுக்கு இன்னொரு விடையும் அதே ஏட்டில் இருக்கிறது. 2011இல் புது தில்லி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4,057 பேர். வடகிழக்கு மாவட்டத்தில் 36,155 பேர். ஒரே நகரம், ஒன்பது மடங்கு வேறுபாடு. ஒரு பக்கம் அமைச்சர்களின் பங்களாத் தோட்டங்கள், மறுபக்கம் சீலம்பூர், முஸ்தபாபாத் சந்துகள். நிலம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை, ஆள் அதிகம் என்ற பேச்சு மூடி மறைத்துவிடுகிறது.

ஏழைகள் நிறையப் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கும் விடை உண்டு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தில்லியில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.6. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1ஐவிட இது மிகக் குறைவு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1.8ஐவிடவும் குறைவு. வாடகை, பள்ளிக் கட்டணம், பார்த்துக்கொள்ள ஆளில்லாமை எல்லாம் சேர்ந்து, திரிலோக்புரியிலும் இரண்டாவது குழந்தைக்குத் தம்பதியர் யோசிக்கிறார்கள். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் இங்கே ஏராளம் என்பதால்தான் இறப்புகளைவிடப் பிறப்புகள் இன்னும் அதிகமாக இருக்கின்றன. அந்தத் தலைமுறை மூப்படையும்போது அதுவும் மாறும். அதற்கு இந்த நகரம் எந்த ஆயத்தமும் செய்துகொள்ளவில்லை. மின்தூக்கி இல்லாத மூன்றாவது மாடியில், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, காய்கறிக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கும் முதியவர்களை எங்கள் அடுக்ககத்திலேயே பார்க்கிறேன். செங்குத்தான இரும்பு ஏணியின்மேல் வாழும் அந்த அம்மாவுக்கு மூட்டு தேய்ந்தால் என்ன வழி என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது.

குழந்தை எண்ணிக்கை குறைந்ததில் ஒரு கறை உண்டு. 2011இல் தில்லியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 871 பெண் குழந்தைகளே இருந்தார்கள். ஆண்கள் தனியே வேலைக்கு வருவது மொத்தப் பாலின விகிதத்தைக் குறைக்கும். குழந்தைகளின் விகிதத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தும், படித்த, வசதியுள்ள பகுதிகள்கூட இதற்கு விலக்கல்ல என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வளர்ச்சி குறைந்தது என்றேன். அதில் ஒரு பகுதி எல்லைக்கு அப்பால் போய்விட்டது என்பதையும் சேர்க்க வேண்டும். குர்காவ் மாவட்டம் 2001-2011இல் 74% வளர்ந்தது. 2009இல் நொய்டாவுக்கும் 2010இல் குர்காவுக்கும் மெட்ரோ போனபின், காலையில் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்குமாக லட்சக்கணக்கானோர் மாநில எல்லையைக் கடக்கிறார்கள். ஆகவே தில்லியில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை, எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2028 வாக்கில் தோக்கியோவை முந்தி உலகின் மிகப் பெரிய நகரமாகும் என்று 2018இல் ஐ.நா. மதிப்பிட்டது. நாடுகளுக்கெல்லாம் பொதுவான புதிய வரையறையோடு 2025இல் வெளியான அதன் கணக்கில் ஜகார்த்தா முதலிடத்துக்கும் டாக்கா இரண்டாமிடத்துக்கும் போய், தில்லி சுமார் 3 கோடிப் பேரோடு தோக்கியோவுக்குப் பின்னால் நிற்கிறது. இந்த வரிசைப் பட்டியல்களில் நான் பெரிதாக ஒன்றும் காணவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், அந்தப் பக்கம் இல்லை. ஒரு குடும்பத்தின் வேலை ஒரு மாநிலத்தில், மருத்துவமனை இன்னொன்றில், வாக்கு மூன்றாவதில் என்பதே அங்கு வாழ்பவர்களின் உண்மையான சிக்கல். தேசியத் தலைநகர் வலயத்துக்கென்று 1985இலேயே ஒரு திட்டக் குழு சட்டப்படி அமைந்தும் அது தீரவில்லை.

இத்தனைக்கும் மேலாக, 2011க்குப் பிறகு தில்லியை யாரும் எண்ணவே இல்லை. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. முதலில் பெருந்தொற்று காரணமாயிற்று. அது ஓய்ந்த பிறகும் ஆண்டுகள் ஓடின. இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு, அந்த அம்மா சொன்ன கோட்டா என்ற சொல்லே விடை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கை வைத்தே பயனாளிகளின் எண்ணிக்கையை நிர்ணயிக்கச் சொல்கிறது. அதன்படி தில்லிக்கு வகுக்கப்பட்ட உச்சவரம்பு சுமார் 72.78 லட்சம் பேர். நகரம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த எண் நகராது. 2012இல் பிறந்த குழந்தையும் 2015இல் வந்த தொழிலாளியும், வேறு யாராவது ஒருவர் பெயர் நீங்கினால்தான் உள்ளே வர முடியும்.

2020 மார்ச் மாதம் இதன் விலையை நாடே பார்த்தது. 24ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 28ஆம் தேதி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் தலையில் மூட்டையோடும் இடுப்பில் குழந்தையோடும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மற்றவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். எத்தனை பேர் வாடகை அறைகளில் இருக்கிறார்கள், எத்தனை பேரிடம் ரேஷன் கார்டு இல்லை என்பது தெரிந்திருந்தால் அவர்களைத் தேடிச் சோறு போயிருக்கும். கார்டு இல்லாதவர்களுக்கும் தில்லி அரசு தானியம் கொடுக்க முன்வந்தபோது, பதிவுசெய்துகொண்டவர்களின் எண்ணிக்கை பல பத்து லட்சங்களைத் தொட்டது. எங்கள் வீட்டுக்கு மேல்தளப் பூச்சுவேலை செய்ய வந்துகொண்டிருந்த கொத்தனாரும் அவர் மனைவியும் அப்படி நடந்து புறப்பட்டவர்கள்தாம். பாத்திரங்களை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். திரும்ப வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

2025 ஜூன் 1 அன்று, ஜங்புரா அருகே பாராபுல்லா கால்வாயை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. கால்வாயைத் தூர்வாரி மழைநீர் வடியச் செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஏறத்தாழ 370 குடிசைகள். பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். 189 குடும்பங்கள் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. தகுதி என்பது காகிதம்: 2015 ஜனவரி 1க்கு முன் அந்தக் குடிசையில் இருந்ததற்கான வாக்காளர் பட்டியல் பெயர், ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது. எண்ணுவதில் நேரும் பிழை கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதை இதைவிட நேரடியாகக் காண முடியாது. வீடு கிடைத்தவர்களுக்கும் அது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் கிடைத்தது. லோதி எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளும், ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளில் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போன தாய்மார்களும் அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பார்கள் என்று முடிவெடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கால்வாய் தூர்வாரப்பட வேண்டியதுதான். அதற்கு அருகிலேயே அரசு நிலம் இல்லாமல் இல்லை. ராமகிருஷ்ணபுரத்தைப் போன்ற பழைய அரசு குடியிருப்புகளான நௌரோஜி நகரையும் சரோஜினி நகரையும் இடித்து, விற்பனைக்கான வணிக வளாகங்களும் உயரமான அடுக்ககங்களும் அதே ஆண்டுகளில் எழுந்துகொண்டிருந்தன. அந்தத் திட்டங்களுக்குள் வீட்டு வேலை செய்பவருக்கும் காவலாளிக்கும் குறைந்த வாடகைக் குடியிருப்புகளை ஒதுக்க வேண்டும் என்று தில்லித் தமிழ் அமைப்புகள் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். செயலகத் தமிழர்களும் கட்டடத் தமிழர்களும் கோவில் திருவிழாவில் ஒரே வரிசையில் நிற்கிறோம். நகரத்தில் வாழ இடம் கேட்கும் வரிசையில் அவர்களைத் தனியே விட்டுவிட்டோம்.

இப்போது கணக்கெடுப்புக்கு நாள் குறித்திருக்கிறார்கள். 2027 மார்ச் 1 அதன் குறிப்புத் தேதி. தில்லியைப் பொறுத்தவரை கணக்கெடுப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் தெளிவானவை: ஒரே கதவிலக்கத்தின் கீழ் நான்கு மாடிகளில் தனித்தனி அடுப்பு வைத்திருக்கும் குடும்பங்கள், தொழிற்கூடத்துக்குள்ளேயே படுத்துறங்கும் இளைஞர்கள், கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகைகள், நரேலாவிலும் சாவ்தா கேவ்ராவிலும் பாதி நிரம்பிய மாற்றுக் குடியிருப்புகள், வாடகை ஒப்பந்தம் கொடுக்க வீட்டுக்காரர் மறுக்கும் மேல்மாடி அறைகள். வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தால் வரி வருமோ என்று அஞ்சி, மேலே யாரும் இல்லை என்று சொல்லிவிடும் வீட்டுக்காரர்கள் உண்டு. வங்காளம் பேசினாலே வங்கதேசத்தவரோ என்று சந்தேகிக்கப்படும் காலம் என்பதால் கதவைத் திறக்கத் தயங்குபவர்களும் உண்டு. கணக்கெடுப்பில் சொல்லும் தனிநபர் விவரங்களை இரகசியமாக வைத்திருக்க 1948ஆம் ஆண்டின் சட்டம் உறுதி தருகிறது. அந்த உறுதியை அவரவர் மொழியில், தெருத் தெருவாக, முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் வேலைக்கு வருபவர்களிடம் நானும் சில தோழியரும் இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்: ஊரில் பெயர் இருக்கிறது என்று இங்கே விட்டுவிட வேண்டாம், எங்கே வாழ்கிறீர்களோ அங்கே பெயர் கொடுங்கள், மருமகள்கள், பிள்ளைகள், மேல்மாடி வாடகைக்காரர்கள் என்று யாரையும் விடாமல் சொல்லுங்கள். புதிய எண்கள் வெளியான உடனே ரேஷன் உச்சவரம்பைத் திருத்தச் சொல்லி மத்திய அரசிடமும் தில்லி அரசிடமும் கேட்பது அதற்கடுத்த வேலை.